மேரிக்கு நீ அனுப்பிய டிமாண்ட் லெட்டர்

மகனே,

இந்தக் கடிதத்தைக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கியிருப்பாய். வேண்டுமென்றேதான் ரெஜிஸ்டர் தபாலில் போட்டேன். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பும் எதையும் நீ முழுதாகப் படிப்பதில்லை. ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடுவாய். மேரிக்கு நீ போட்டதும் ரெஜிஸ்டர் தபால்தான். தபால்காரர் வாசலில் நின்று பேனாவை நீட்டும்போது ஒரு மனுஷிக்கு எப்படி இருக்கும் என்று உனக்கும் ஒரு தடவை தெரியட்டும். படித்து முடித்ததும், வாங்குகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்துக் குறை சொல்லும் உன் தொழில்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு குரூப் வைத்திருக்கிறீர்களே, அதிலும் இதைப் போட்டுவிடு. எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்த மாதிரிக் கடிதங்களை அங்கேதானே ஒருவருக்கொருவர் பங்கிட்டுக்கொள்கிறீர்கள்.

முதலில் உன் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் ஈப்போவில் ஒரு லாயர் ஆபீசில் பாக்கி கேட்கிற டிமாண்ட் லெட்டர் டைப் அடித்துத்தான் உன்னை வளர்த்தேன். இவ்வளவு கேவலமான ஒன்றை என் கண் கண்டதில்லை. எங்கோ வெள்ளைக்காரன் ஊரில் வீடு சோதிக்கிறவர்களுக்காக எவனோ எழுதி இணையத்தில் விட்டதை எடுத்து, கோடிட்ட இடத்தில் மேரியின் பெயரை நிரப்பியிருக்கிறாய். மூன்றாவது பத்தியில், கூரையில் படியும் பனியின் எடையால் வரும் சேதத்துக்கு நீ பொறுப்பில்லை என்று இருக்கிறது. பனி! மேரி வீடு இருக்கும் தஞ்சோங் ரம்புத்தானில்! அடுத்த பத்தியில் புகைபோக்கி. மாநில உரிமச் சட்டம் என்று இருந்த இடத்தில் நம் பேராக் மாநிலத்தின் பெயரைச் சேர்த்திருக்கிறாய். அப்படி ஒரு சட்டம் பேராக்கில் இருக்கிறதா என்று யாரிடமும் கேட்கவில்லை. முந்நூறு வெள்ளிப் பாக்கிக்குப் போலீசில் புகார் செய்வேன் என்று வேறு எழுதியிருக்கிறாய். கூலித் தகராறுக்குப் போலீஸ் வராது என்று எங்கள் ஆபீசில் டீ கலக்கிய அம்மாவுக்குக்கூடத் தெரியும். எப்போது வேலையை ஒப்புக்கொண்டாய், என்ன செய்வதாகச் சொன்னாய், எதைச் செய்தாய், எது பாக்கி என்று நாலு வரி உண்மை ஒரு டிமாண்ட் லெட்டரில் இருக்க வேண்டும். அந்த நாலு வரிதான் உன்னுடையதில் இல்லை. எழுத உட்கார்ந்திருந்தால் உனக்கே வெட்கம் வந்திருக்கும்.

உன் தொழிலை நான் மட்டமாக நினைக்கவில்லை. வீடு கட்டுகிறவர்களையும் விற்கிறவர்களையும்தான் மட்டமாக நினைக்கிறேன். ரப்பர் மரங்களைச் சாய்த்த தட்டைத் தரையில், மேடு என்று ஒன்றுமே இல்லாத இடத்துக்கு ஹைட்ஸ் என்று பெயர் வைத்து, சாவி கொடுக்கிற அன்றைக்கே விரிசலையும் சேர்த்துக் கொடுக்கிற கூட்டம் அது. இவர்களை மடக்க ஒருவன் வேண்டும் என்றுதான், நீ ஜெலாப்பாங் பேக்டரி வேலையை விட்டபோது நான் தடுக்கவில்லை. வேனுக்கு முன்பணமும் கொடுத்தேன். நீ என்ன செய்தாய்? சட்டையில் கம்பெனிப் பெயரைத் தைத்துக்கொண்டாய். சுவரில் ஈரம் பார்க்க ஒரு கருவி, சூடு பார்க்க ஒரு கேமரா, மேலே பறந்து படமெடுக்க ஒன்று என்று வாங்கிக் குவித்தாய். மேரிக்கு நீ கொடுத்த ரிப்போர்ட்டை முழுக்கப் படித்தேன். அறுபத்திரண்டு பக்கம். தரையில் கீறல், பதினேழு படம். ஜன்னல் கொக்கி தளர்வு, ஆறு படம். குளியலறைக் கதவில் ஒரு சின்னப் புள்ளி, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம், ஏதோ கொலை நடந்த இடம் மாதிரி. கூரைக்குள் இருப்பதைப் பற்றி மட்டும் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: ஏற வழி இல்லாததால் பார்க்கவில்லை.

மேரியை உன்னிடம் அனுப்பி வைத்தவள் நான். அதை நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். இருபத்தெட்டு வருடம் பேக்டரியில் நின்றுகொண்டே வேலை செய்து, கால் நரம்பு சுருண்டு, கையில் வந்த இபிஎஃப் பணத்தில் ஒரு பழைய வரிசை வீடு வாங்கப் போகிறேன் என்று பாசாரில் மீன் வாங்கும்போது சொன்னாள். தனி மனுஷி. வாங்குவதற்கு முன்னால் யாராவது ஒரு தடவை பார்த்தால் தேவலை என்றாள். "என் மகன் வந்து பாப்பான், மேரி, ஒரு இடம் விடமாட்டான்" என்று சொல்லி உன் நம்பரைக் கொடுத்தேன். அறுநூறு வெள்ளி பேசி முந்நூறை முன்னாலேயே வாங்கிக்கொண்டாய். அன்றைக்கு மத்தியானம் உனக்குப் பீடோரில் சோதிக்க இன்னொரு வீடு. ஸ்டோர் ரூமில் வீட்டுக்காரன் விட்டுப்போன ஓர் அலமாரி நின்றது. கூரைக்குள் ஏறுகிற மூடி அதற்கு நேர் மேலேதான் இருந்தது. அலமாரியை நகர்த்தாமல், வழி இல்லை என்று எழுதிவிட்டுப் பீடோருக்குப் போய்விட்டாய். உன் ரிப்போர்ட்டை நம்பி அவள் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நாலு மாதம் கழித்து ஒரு மழைக்குப் பின்னறை சீலிங் தொங்கியது. தச்சர் ஒருவர் ஓட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கூரைச் சட்டம் முழுக்கக் கறையான் தின்றுவிட்டது, எட்டாயிரம் ஆகும் என்றாராம். அவள் உன்னைச் சண்டைக்கு இழுக்கவில்லை. "தம்பி, ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க" என்று பதினொரு முறை அனுப்பியிருக்கிறாள். அவள் போனில் நானே எண்ணிப் பார்த்தேன். நீ அனுப்பிய பதில் ஒன்றே ஒன்று: பக்கம் நாற்பத்தொன்றைப் பார்க்கவும். பார்க்கவும்! வந்து பார்க்க வேண்டியவன் எழுதுகிற வார்த்தையா அது? அந்த மீதி முந்நூறை அவள் தரவில்லை, உண்மைதான். நீயும் நாலு மாதம் அதைக் கேட்கவே இல்லை. சீலிங் தொங்கிய பிறகுதான் உனக்கு அந்தப் பாக்கி ஞாபகம் வந்தது. காசுக்காக நீ இந்த நோட்டீசை அனுப்பவில்லை. எட்டாயிரம் என்று அவள் வாய் திறப்பதற்குள் அந்த வாயை அடைக்க அனுப்பினாய்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. தம்பி அனுப்புன லெட்டருதான். இங்கிலீசு எனக்கு யாரு படிச்சுக் காட்டுவா? உங்க ஞாபகம்தான் வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரரு பாத்துட்டு, போலீஸ்னு போட்டிருக்கு லான்னு சொன்னாரு. மூணு நாளா தூக்கமே இல்லக்கா."

"உட்காருங்க மேரி."

"நான் கட்ட மாட்டேன்னு சொல்லலக்கா. மாசம் நூறு வெள்ளி குடுத்தா தம்பி ஒத்துக்குவாரா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன். கோர்ட்டு கீர்ட்டுன்னு போட்டுற வேணாம்னு சொல்லுங்க. சீலிங்க நான் பாத்துக்குறேன், அத நான் கேக்க மாட்டேன்."

கேட்டாயா? உன் வேலை பலித்துவிட்டது. அவளே சொல்லிவிட்டாள், சீலிங்கைக் கேட்க மாட்டேன் என்று. பாதி இடிந்த வீட்டில் வாளி வைத்துத் தூங்குகிறவள், அந்த வீட்டைச் சரியாகப் பார்க்காதவனுக்கு மாசா மாசம் நூறு வெள்ளி கட்டுகிறேன் என்கிறாள். காப்பி கலக்கப் போகிறேன் என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் போன பிறகு உனக்குப் போன் போட்டேன். நீ சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "பிசினஸ்னா அப்படித்தான்மா. அவங்களுக்கு இங்கிலீசு தெரியாது, ஒரு லெட்டர் பாத்தா போதும், அடங்கிருவாங்க. டென்ஷன் ஆவாதீங்க லா. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்ததாக நீ நினைத்திருப்பாய். நீ சொன்னது உண்மை என்பதால்தான் வைத்தேன்.

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நீ பதினாறு வயதில் நாலாம் பாரம் படிக்கும்போது வாங்கிய சைக்கிளில் ஒரு வாரத்தில் செயின் அறுந்தது. கடைக்காரன் மாற்றித் தர முடியாது என்று கையை விரித்தான். நான் ஆபீசில் லாயர் சாப்பிடப் போன நேரத்தில், அவருடைய பெயர் அச்சடித்த தாளில் ஏழு நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அடித்தேன். மறுநாளே அவன் புதுச் சைக்கிளை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனான். "ஒரு லெட்டர்தானாம்மா!" என்று நீ கைதட்டிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அது திருட்டுத் தாள் என்றோ, அவனைச் சட்டம் ஒன்றும் செய்திருக்காது, சும்மா பூச்சாண்டி காட்டினேன் என்றோ உன்னிடம் சொல்லவில்லை. பிள்ளை என்னைப் பெரிய ஆளாகப் பார்க்கிறான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். எவ்வளவு அற்பமான பெருமை.

அதைவிட அற்பமான ஒன்று உண்டு. அதை நான் உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்களை உனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அடித்து, கீழே முத்திரை குத்தி ஒரு தாள் வந்துவிட்டால் அவர்களுக்கு அது அரசாங்கம். யார் அனுப்பியது, என்ன உரிமை என்று கேட்கவே மாட்டார்கள். அந்தக் காலத்தில் தோட்டக் கணக்கெழுதும் கிராணி வந்து வாசலில் ஒட்டிய நோட்டீசுக்கு லயத்து வீட்டைக் காலி செய்து பழகிய ஜனம். தோட்டம் விற்று எல்லாரும் மலிவு வீடுகளுக்குச் சிதறிய பிறகு, எந்தத் தாள் வந்தாலும் லாயர் ஆபீசில் வேலை செய்கிற என்னிடம்தான் எடுத்து வருவார்கள். ராக்காயி அக்காவும் அப்படித்தான் வந்தார். புருஷன் இல்லாதவர், வயதில் எனக்கு மூத்தவர். ஒரு கன்ட்ராக்டர் அவர் வீட்டு அடுப்படிக்குப் போட்ட கூரை ஒழுகியது; அதைச் சரிசெய்தால்தான் மிச்சக் காசு என்று அக்கா நிறுத்தி வைத்திருந்தார். அந்தக் காசைக் கேட்டு லெட்டர் அனுப்பக் கன்ட்ராக்டர் எங்கள் ஆபீசுக்கு வந்தான். எங்கள் லாயர் கையெழுத்து மட்டும்தான் போடுவார். கடிதத்தில் இருக்கும் அத்தனை வார்த்தையும் என்னுடையவை. ராக்காயி அக்கா பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாகச் சுற்றி எடுத்து வந்தது நான் அடித்த கடிதம்.

"இது கோர்ட்டு லெட்டராம்மா?" என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை போதும். ஒருத்தன் காசு கேட்கிறான், அவ்வளவுதான். ஒழுகுது, முதலில் சரிசெய் என்று நீங்களும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தால் போதும். நான் கடிதத்தை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்து, அதைவிடச் சத்தமாகத் தமிழில் சொன்னேன். என் வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் அவர் அந்தப் பிளாஸ்டிக் பையை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிப் பொய். அந்தப் பயத்தைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. எட்டாம் லயத்தில் பிறந்த நான் எழுதிய ஆங்கிலத்துக்கு இவ்வளவு சக்தியா என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். "கட்டிருங்கக்கா" என்றேன். எடுத்து வைத்திருந்த தாலிச் சங்கிலியை அடகுக் கடையில் வைத்துக் கட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, படித்துக் காட்டியதற்கு நன்றி என்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அவர் செத்துப் பல வருடம் ஆகிறது. இனிப் போய்ச் சொல்வதற்கு ஆள் இல்லை. அந்தக் கூரை கடைசிவரை ஒழுகியது என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

ஆகவே, உன்னைக் கேவலமாக நினைக்கிற உரிமை எனக்கு இல்லை என்று நீ சொல்லலாம். சொல். ஆனாலும் நினைக்கிறேன். என்னிடம் இருந்ததிலேயே கெட்டதைப் பொறுக்கி எடுத்துத் தொழிலாக்கிக்கொண்டாய். நானாவது என் கடிதங்களில் எழுத்துப்பிழை விடவில்லை.

புதன்கிழமை நான் மேரி வீட்டுக்குப் போனேன். முட்டிவலிக்காரி, பஸ் ஏறிப் போனேன். அந்த ஸ்டோர் ரூமையும் அலமாரியையும் பார்த்தேன். "தள்ளிப் பாப்போமா மேரி?" என்றேன். "கனக்கும்க்கா" என்றாள். இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ளினோம். நகர்ந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு தடவை சிரித்தும்விட்டோம், கிழவிகள் இரண்டு பேர் திருட வந்த மாதிரி இருக்கிறது என்று. அலமாரி நின்ற இடத்தில் அவள் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி மூடியைத் தூக்கினாள். என் குடையைக் கொடுத்தேன். குடைக்கம்பியால் சட்டத்தை ஒரு குத்துக் குத்தினாள். மரம் மாவாகக் கொட்டியது, அவள் தலையிலும் என் தலையிலும். உன் கேமராவும் கருவியும் காட்டாததை ஒரு குடைக்கம்பி காட்டிவிட்டது. முப்பத்தாறு வயது ஆம்பிள்ளை, நீ ஒரு அலமாரியைத் தள்ளவில்லை.

பிறகு அவளை உட்காரவைத்து, ராக்காயி அக்காவுக்குச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். "மேரி, இது கோர்ட்டு இல்ல. போலீசும் வராது. என் மகன் உங்ககிட்ட கேக்குறான், அவ்வளவுதான். நீங்களும் அவன்கிட்ட கேக்கலாம்." "உங்க மகனுக்கு எதிரா நீங்களே சொல்றீங்களேக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எப்படி இருந்தது என்று உனக்கு எழுத மாட்டேன்.

இந்த உறைக்குள் இன்னொரு தாள் இருக்கும். அது மேரி உனக்கு அனுப்பும் டிமாண்ட் லெட்டர். சொன்னது அவள், எழுதியது நான், கையெழுத்து அவளுடையது. ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் மலாயில். அதில் பனி இல்லை, புகைபோக்கி இல்லை, போலீஸ் இல்லை. வேலையை ஒப்புக்கொண்ட நாள், நீ வாங்கிய முந்நூறு, நகர்த்தப்படாத அலமாரி, கூரைச் சட்டத்தின் படம், தச்சர் எழுதிக் கொடுத்த தொகை. கூரை முழுவதுக்கும் நீ பொறுப்பு என்று அவள் கேட்கவில்லை. கறையானை நீ வளர்க்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். வந்து நேரில் பார், முன்னால் வாங்கிய முந்நூறைத் திருப்பிக் கொடு, பழுது பார்க்கிற செலவில் உன் பங்கு எவ்வளவு என்று எதிரில் உட்கார்ந்து பேசு, அந்த நோட்டீசை எழுத்தில் வாபஸ் வாங்கு. இவ்வளவுதான். உன் தொழிலில் உனக்கு இனி மரியாதை என்று ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமானால் இதைவிட மலிவாகக் கிடைக்காது. பதினான்கு நாள் கொடுத்திருக்கிறாள். ஏழு நாள் போதும் என்றேன் நான். பாவம், தம்பிக்கு வேலை இருக்கும் என்றாள்.

நீ வரவில்லையென்றால் அவள், காசு கொடுத்து ஏமாந்தவர்களுக்கான பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போடுவாள். அங்கே லாயர் தேவையில்லை, ஆங்கிலமும் தேவையில்லை. படிவம் நிரப்ப நான் இருக்கிறேன். அலமாரி நகராது, வழி இல்லை என்று நீ சொல்வாய். நகர்ந்ததைப் பார்த்த சாட்சி உண்டா என்று கேட்பார்கள். மேரிக்கு என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. வந்து உண்மையைச் சொல்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த அறைக்குள் நுழையும்போது, பழக்கத்தில் என்னை அம்மா என்று கூப்பிட்டுவிடாதே. கூப்பிட்டால் எழுந்து உன் பக்கம் வந்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.